கால்மாட்டுச் செங்கல் – 9: மொன் காராப்

வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தாள் பூங்கோதை.

கதவு திறந்த சத்தத்துக்குக் கண் விழித்தபோது மாறிப் படுக்க அவகாசமில்லை. நிலைப்படியில் தமயந்தி அண்ணி நின்றுகொண்டிருந்தாள். காளிகாட் சந்தையிலிருந்து வந்த வேகத்தில் கூடை சாய்ந்து, ஒரு கத்திரிக்காய் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. தலையணை எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சு படுத்தியா, தெரியாம படுத்தியா?"

"மூச்சு முட்டுச்சு அண்ணி. செத்த நேரம் நேரா இருக்கலாமேன்னு…"

"செத்த நேரம்! ஒன் வாயில வேற வார்த்தையே வராதா?"

கத்தியிருந்தால் தேவலை. அண்ணி மெதுவாகச் சொன்னாள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேருகிறவர்களுக்கு அந்தக் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. கல்கத்தாவில் வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள் வீட்டில் எல்லாக் கட்டில் கால்களுக்கும் அடியில் செங்கல் இருக்கும். டிரங்குப் பெட்டி, அரிசி டின், கிழிந்த குடை எல்லாம் அடியில் போக வேண்டுமே! பூங்கோதையின் கட்டிலில் மட்டும் கால்மாட்டுப் பக்கத்தில்தான் செங்கல். நாலாம் மாதத்தில் ஒன்று, எட்டாம் மாதத்தில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு, மூன்றாவதை எப்படியாவது உள்ளே நிறுத்தி வைக்க லேடி டாக்டர் மித்ரா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாள். போதாததற்குக் கட்டிலையும் சாய்த்துப் போடச் சொல்லிவிட்டாள். தலை பள்ளத்தில், கால் மேட்டில். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பூங்கோதை உலகத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிடுகிற உப்பில்லாச் சோறு தொண்டைக்கே திரும்பி வரும். கண்ணீர் கன்னத்தில் இறங்காது, நெற்றிப் பொட்டில் ஏறிக் காதுக்குள் போகும். அன்று காலை அண்ணி சந்தைக்குப் போனதும், தலையணையை எடுத்து மேட்டுப் பக்கம் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். தலை உயர்ந்ததும் மூச்சு வந்தது. தூக்கமும் வந்தது. அந்தக் குச்சு அறையில் கட்டிலைத் தெற்கு வடக்காகத்தான் போட முடியும் என்பதோ, மாறிப் படுத்தால் தலை வடக்கே போகும் என்பதோ அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அல்லது, தோன்றியதோ?

அதுதான் அவளுக்கே தெரியவில்லை.

தமயந்தி கூடையை வைத்துவிட்டு வந்து அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். வாய் எப்படியிருந்தாலும் அண்ணியின் கைகள் நல்ல கைகள். வலிக்காமல் திருப்பித் தெற்கே தலை வைத்துக் கிடத்தினாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு."

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் மித்ரா பூங்கோதையின் புருஷன் பரமசிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று சாயங்காலம் அடுப்படியில் அவன் தன் அக்கா தமயந்தியிடம் கிசுகிசுத்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த பூங்கோதை ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"மொன் காராப்னு சொல்றாங்கக்கா. மொன்னுன்னா மனசு. காராப்னா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். மனசு கெட்டுப் போச்சாம்."

"கெட்டுப் போச்சுன்னா? பைத்தியமா?"

"வேறென்னக்கா?"

பரமசிவத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கிடர்பூர் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் செக்‌ஷனில் அவன் குமாஸ்தா. கிரேன் காராப், லாரி காராப், சங்கிலி காராப் என்று நாள் முழுக்கக் கேட்கிற காது அது. காராப் என்று சாக்பீஸால் எழுதிவிட்டால் அந்தக் கிரேனுக்குப் பக்கத்தில் ஆள் போகக்கூடாது. இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் தள்ளிவிட வேண்டியதுதான்.

மறுநாளே அரிவாள்மணை பரணுக்குப் போனது. கிரசின் டின் மாடிக்குப் போனது. மாத்திரைகள் அண்ணியின் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. குளியலறைத் தாழ்ப்பாளைப் பரமசிவமே ஸ்குரூ டிரைவரால் கழற்றினான். யாரும் பூங்கோதையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிரேனிடம் யார் கேட்பார்கள்?

இன்னொன்றும் அவள் காதில் விழுந்தது.

"கொழந்த பொறந்ததும் நான் தூக்கிட்டு விருத்தாசலம் போயிடறேன் தம்பி. இவ கையில குடுத்துட்டு நாம நிம்மதியா தூங்க முடியுமா? தெளிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

"பாக்கலாம்க்கா" என்றான் பரமசிவம். முடியாது என்று சொல்லவில்லை.

அதைக் கேட்டு அவள் நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. யாராவது எடுத்துக்கொள்ளட்டும், எனக்குப் பயமில்லாமல் போகட்டும் என்று இருந்தது. அப்படி நினைத்த ஒரு கணத்துக்காக அன்றிலிருந்து தன்னையே தின்றுகொண்டிருந்தாள். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? அப்படியானால் டாக்டர் சொன்னது நிஜம்தானே?

இன்றைக்கு இன்னொரு பயம் சேர்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து வயிற்றுக்குள் அசைவில்லை.

சொல்லவில்லை. வாயால் சொன்னால் நிஜமாகிவிடும். சொன்னால், வடக்கே தலை வைத்தாய், அதனால்தான் என்று அண்ணி சொல்வாள். அண்ணி சொல்லாவிட்டாலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

மதியம் கரண்ட் போயிற்று. மாடியிலிருந்து வீட்டுக்காரர் மனைவி மாலதி இறங்கி வந்தாள், கையில் ஒரு கிண்ணம் பாயசத்தோடு. பௌதி என்று அவளைக் கூப்பிடுவார்கள். பௌதி என்றாலும் அண்ணிதான். பூங்கோதைக்குக் கல்கத்தாவில் இரண்டு அண்ணிகள், ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொள்வார்கள்.

"வாம்மா, ஒனக்குத்தான் ஒறக்கம் கெடையாதே" என்றாள் தமயந்தி தமிழில்.

"உங்கள் கத்திரிக்காய் குழம்பு வாசனை மாடி வரைக்கும் வந்தது" என்றாள் மாலதி வங்காளத்தில்.

"என்னா சொல்றா இவ?"

"கொழம்பு வாசனை நல்லாருக்காம் அண்ணி."

"அப்ப ஒரு கிண்ணம் குடுத்தாத்தான் எறங்குவா" என்று தமயந்தி அடுப்படிக்குப் போனாள். மீன்காரனிடம்கூடத் தமிழிலேயே சண்டை போட்டு விலையைக் குறைத்துவிட்டு வருகிறவள் அவள். வங்காளம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்பட்டதேயில்லை.

மாலதி விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பூங்கோதையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கீ ரே புங்கோ? மொன் காராப்?"

என்னடி, மொன் காராபா என்று கேட்கிறாள். அந்தப் பேச்சு மாடிக்கும் போய்விட்டது. நாளைக்குத் தெருவுக்குப் போகும்.

"யார் சொன்னது பௌதி?"

"யாராவது சொல்ல வேண்டுமா? முகத்தில் எழுதியிருக்கிறதே!"

"ஆமி பாகொல் நா, பௌதி." நான் பைத்தியமில்லை. சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது.

மாலதியின் கை விசிறுவதை நிறுத்தியது. "பாகொலா? பைத்தியம் என்று யார் சொன்னது?"

"டாக்டர். மொன் காராப் என்று."

மாலதி அவளை விழித்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பூங்கோதையின் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அடி அசடே! எனக்கு நேற்று மொன் காராப். உன் தாதா, என் கணவர், ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறார், துர்கா பூஜைக்கு வரமாட்டேன் என்றார். என் சின்னதுக்கு அன்றைக்கு மொன் காராப், ராத்திரி சாப்பிடவில்லை. ஏன்? பொம்மைக்குக் கை உடைந்துவிட்டது. விடாமல் மழை பெய்தால் மொன் காராப். பூஜை முடிந்து துர்கை அம்மாவை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தால் இந்தப் பேட்டைக்கே மொன் காராப். இவ்வளவு பேரையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கல்கத்தாவில் டிராம் ஓட்ட ஆள் இருக்குமா?"

பூங்கோதை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஊரில் எல்லோருக்கும் வருகிற ஒன்று. குழந்தைகள்கூடச் சொல்கிற ஒரு வார்த்தை. அதற்காகவா தாழ்ப்பாளைக் கழற்றினார்கள்?

"அப்போ அது வியாதி இல்லையா?"

மாலதி விசிறியைக் கீழே வைத்தாள். "வந்துவிட்டுப் போனால் வியாதி இல்லை. சில பேரிடம் வந்து உட்கார்ந்துவிடும். என் அக்காவிடம் உட்கார்ந்துவிட்டது. உள்ளே என்ன என்று அவளை யாரும் கேட்கவில்லை." அவள் குனிந்தாள். "உன்னிடம் உட்கார்ந்திருக்கிறது, இல்லையா?"

தமிழில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தமிழில் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்த மொழியில் அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். அதுதான் கஷ்டம். வங்காளத்தில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். காய்கறிக்காரனிடம் பேசுகிற பேச்சு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, உடைந்த உடைந்த வாக்கியங்களாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ராத்திரி தூக்கம் இல்லை. சாதம் மண். சின்னச் சட்டை பார்த்தால் பயம். சந்தோஷம் வந்தால் ரொம்பப் பயம். ஒரு நாள் இந்தக் குழந்தை வேண்டாம் நினைத்தேன். அப்புறம் வேண்டும் நினைத்தேன். ரெண்டும் நான்தான். நான் கெட்டவள்?"

மாலதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"இன்னும் ஒன்று பௌதி. காலையிலிருந்து… நோர்ச்சே நா."

அசையவில்லை.

மாலதி எழுந்த வேகத்தில் பாயசக் கிண்ணம் கவிழ்ந்தது. "தீதி!" என்று அடுப்படியைப் பார்த்துத் தமயந்தியைக் கூப்பிட்டாள். வயிற்றைக் காட்டினாள், கையை விரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தமயந்தியின் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்தது.

அண்ணி திட்டுவாள் என்று பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். திட்டவில்லை. அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டு, "டாக்சி கூட்டியாரச் சொல்லு இவள" என்றாள்.

சந்து முனை வரைக்கும் கைரிக்‌ஷா. அதற்கப்புறம் டாக்சி. பாதாள ரயிலுக்காக மெயின் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டாக்சி சுற்றிக்கொண்டு சேற்றில் நீந்தியது. பின் சீட்டில் அண்ணியின் மடியில் தலை. "கொளஞ்சியப்பா, கொளஞ்சியப்பா" என்று ஊர்ச் சாமியைக் கூப்பிட்டு அண்ணி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காளி கோயிலுக்குப் போகும் தெரு வந்ததும் அந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டாள்.

"இவ ஊருக்குள்ள இருக்கறப்ப இவளையும் ஒரு வார்த்த கேட்டுக்கணுமில்ல" என்றாள் யாரிடமோ.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மித்ரா தகரப் புனல் போன்ற குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். ஒரு இடம். இன்னொரு இடம். மறுபடி முதல் இடம். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது. பூங்கோதைக்கு அந்தக் காக்கையைக் கொன்றுவிட வேண்டும்போல இருந்தது. அது கத்துகிற சத்தத்தில் டாக்டருக்குக் கேட்காமல் போய்விட்டால்?

டாக்டரின் வலது கை மெதுவாக நகர்ந்து வந்து பூங்கோதையின் மணிக்கட்டைத் தொட்டது. ஒற்றை விரல் தட்ட ஆரம்பித்தது. டக் டக் டக் டக். ஓடுகிற குதிரைபோல வேகமாக. அவளுக்குக் கேட்பதை அந்த விரல் பூங்கோதைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இருக்கிறது" என்றாள் நிமிர்ந்து.

தமயந்தி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கிறது. ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். வளர்ச்சி போதாது, சோர்ந்திருக்கிறது. உனக்கும் பிரஷர் ஏறிவிட்டது. பிரசவம் வரைக்கும் இனி இங்கேதான்."

"நான் தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்தேன். அதனால்தானா?"

"தலையணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "இது நீ செய்ததில்லை. போன இரண்டும் நீ செய்ததில்லை. இதை உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

யாரும் சொல்லவில்லை.

மாலதி வீட்டு டெலிபோனில் சேதி கிடைத்து, கையில் கிரீஸ் கறையோடு பரமசிவம் ஓடி வந்தபோது டாக்டர் அவனை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்திருந்தது.

"போன வாரம் உங்களிடம் என்ன சொன்னேன்? மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். பேசினீர்களா?"

"பேசறதுங்களா? மொன் காராப்னு சொன்னீங்க. கத்தி, கிரசின் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டோம். தாழ்ப்பாளைக்கூட…"

பிறகு டாக்டர் வங்காளமும் இங்கிலீஷும் கலந்து பொரிந்து தள்ளினாள். "கத்தியை எடுத்தது சரி. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளை ஏன் எடுத்து வைத்தீர்கள்? உங்கள் மனைவி என்ன, துறைமுகத்துக் கிரேனா?" என்று கேட்டது மட்டும் பூங்கோதையின் காதில் தெளிவாக விழுந்தது. டாக்டருக்கு அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்றுகூடத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். பரமசிவம் தலை குனிந்தான்.

வார்டில் படுக்கை கொடுத்தார்கள். இங்கேயும் கால்மாட்டில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள். தமயந்தி ஜன்னலுக்குப் போய்ச் சாய்கிற வெயிலைப் பார்த்தாள். விரலால் திசை போட்டாள்.

"வடக்கேல்ல தல இருக்கு! இந்தாம்மா நர்ஸு, கட்டில திருப்பு!"

நர்ஸுக்குப் புரியவில்லை. தமயந்தி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அதற்கடுத்த கட்டிலைப் பார்த்தாள். அந்த வரிசை முழுக்கப் பெண்கள் வடக்கேதான் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் துணி மூட்டை போலப் பிள்ளைகள். ஒன்று கையை முறுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதது.

அண்ணி கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னா கத்து கத்துது பாரு" என்றாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள்.

பரமசிவம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கை கழுவியும் கறை போகவில்லை. அதை மறைத்துக்கொண்டே இருந்தான்.

"மொன் காராப்னா பைத்தியம் இல்லீங்களாம்" என்றாள் பூங்கோதை.

"சொன்னாங்க. நல்லா வாங்கினேன்."

"தமிழ்ல அதுக்கு என்னங்க வார்த்தை?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "கவலை?"

"இல்லீங்க."

"வருத்தம்?"

"அது வந்துட்டுப் போறது. இது போவலியே."

"அப்ப… துக்கம்?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சேச்சே. வெளக்கு வக்கிற நேரத்துல. துக்கம்னா யாராவது செத்திருக்கணும்."

பூங்கோதை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்துத்தானே போச்சு" என்றாள்.

அவன் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கி இழுத்தான்.

"ஒருத்தர் துக்கம் கேக்க வரலீங்களே. மூச்சு விடாத பிள்ளைக்குத் தீட்டு இல்லைன்னாங்க, காரியம் இல்லைன்னாங்க. அழுதா அடுத்தது தங்காதுன்னாங்க. நானும் தலைக்கு ஊத்திக்கிட்டு சமைக்கப் போயிட்டேன். எட்டு மாசம் சுமந்தது என்ன பிள்ளைன்னுகூட யாரும் எனக்குச் சொல்லல. நீங்களும் சொல்லல."

தூரத்துக் கட்டிலில் அழுத குழந்தை ஓய்ந்திருந்தது. மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது.

"பொண்ணு" என்றான் பரமசிவம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெறைய முடி. ஒன்னமாரி." அவன் கிரீஸ் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினான். "ஒரு டவல்ல சுத்திக் குடுத்தாங்க. நானே எடுத்துக்கிட்டுப் போனேன். கிடர்பூர் போற வழியில பொதைக்கிற எடம் ஒண்ணு இருக்கு. நீளமா ஒரு செவுரு. தெனம் அதத் தாண்டித்தான் டிராம் போவுது. நான் அந்தப் பக்கம் உக்கார மாட்டேன். எடம் இருந்தாலும் இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே போவேன்."

இந்த ஒன்றரை வருஷமும் அவன் ஒவ்வொரு நாளும் நின்றுகொண்டே வேலைக்குப் போயிருக்கிறான். அவளுக்குத் தெரியாது. அவள் அவனையும் கேட்கவில்லை.

"ஒங்களுக்கும் மொன் காராப்தானுங்க" என்றாள்.

அவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கிரீஸ் கன்னத்தில் இழுவிக்கொண்டது.

"இது ஆனதும், நல்லபடியா ஆனாலும் ஆவாட்டியும், என்னை அங்க ஒரு வாட்டி கூட்டிட்டுப் போவணும்."

"போலாம்."

பிளாஸ்க்கைக் கட்டிலடியில் வைக்கும் சத்தம் கேட்டது. தமயந்தி எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ! ஸ்டூலில் இருந்த தம்பியை ஒரு கையால் விலக்கினாள். பூங்கோதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, நெற்றியோடு நெற்றி முட்ட வைத்தாள்.

"பொண்ணாம்மா?" என்றாள். "பொண்ணாம்மா போச்சு ஒனக்கு? தல நெறைய முடியோட போச்சாம்மா?"

எழவு வீட்டுக்குப் போகிற பெண்கள் கேட்கிற மாதிரியே கேட்டாள். வாசலில் நுழைந்ததும் தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்டு, கேட்டுக் கேட்டு அழ வைப்பார்களே, அப்படி. ஒன்றரை வருஷம் கழித்து முதல் ஆள் துக்கம் கேட்க வந்துவிட்டாள்.

பூங்கோதை அழுதாள். அந்த அழுகை எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். "கீ ஹொயேச்சே? என்ன ஆச்சு? வலியா? ரத்தமா?"

பூங்கோதை தலையை ஆட்டினாள். அண்ணியின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"மொன் காராப்."

"ஓ" என்றாள் நர்ஸ். உலகத்திலேயே சாதாரணமான பதில் கிடைத்ததுபோல. போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். பரமசிவம் எழுந்தான். தமயந்தி எழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள்.

"என்னக்கா?"

"ஒரு தப்பு நடந்து போச்சு தம்பி. நீ அன்னிக்கு அப்படிச் சொன்னதும் பயந்துட்டேன். மறுநாளே இவங்கப்பாருக்குத் தந்தி அடிச்சுட்டேன். போஸ்டாபீஸ்ல ஒரு மலையாளத்துப் புள்ள இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தான்."

"என்னன்னு?"

"மனசு கெட்டுப் போச்சு, உடனே பொறப்படுன்னு சொன்னேன். மைண்டு ஸ்பாயில்ட்டுன்னு என்னமோ எழுதினான்." முடிச்சுக்குள்ளிருந்து மடித்த ஒரு தாள் வெளியே வந்தது. "காலையில பதில் வந்துது. இவ படுத்திருந்த கோலத்தப் பாத்ததும் குடுக்க மறந்துட்டேன்."

பரமசிவம் வாங்கிப் படித்தான். பூங்கோதையைப் பார்த்தான்.

"நேத்தே மெயில் ஏறிட்டாராம்."

அப்பா வேலாயுதத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். தந்தி வந்தால் எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார். வாத்தியார் தெருவுக்கே கேட்கும்படி படிப்பார். நெஞ்சு வலி வந்து எழுந்த மனிதர். தனியாக எங்கும் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிற மனிதர்.

"இன்னொரு தந்தி அடிங்க" என்றாள் பூங்கோதை. "பைத்தியமில்ல, வெறும் துக்கந்தான்னு அடிங்க."

"யாருக்கும்மா அடிக்கிறது? ஓடற ரயிலுக்கா?" என்றாள் தமயந்தி.

வார்டில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

மெயில் இந்நேரம் வால்டேரை நெருங்கிக்கொண்டிருக்கும். ரெண்டாங் கிளாஸ் பெட்டியில் ஜன்னலோரமாக அப்பா உட்கார்ந்திருப்பார். யாராவது சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்பார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மகளைப் பார்க்க என்பார், அதற்கு மேல் சொல்ல மாட்டார். சட்டைப் பையில் அந்த ஒரு வார்த்தை. இரண்டு மொழி தாண்டி, மூன்றாவது மொழியில் போய்ச் சேர்ந்த வார்த்தை. அதை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்.

ஹவுராவில் அவர் நல்லபடியாக இறங்க வேண்டும்.

பூங்கோதை வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளே அசைகிறதா என்று பார்த்தாள். கையை எடுக்காமல் காத்திருந்தாள்.